உலைவாயும் ஊர்வாயும்

2022 டிசெம்பர் 9, வெள்ளிக்கிழமை. இலங்கை முழுவதும் அரச பாடசாலைகள் மூடப்பட்டன. வெள்ளமில்லை, ஊரடங்கில்லை. காற்று கெட்டுப் போயிருந்தது. வங்காள விரிகுடாவில் 'மாண்டஸ்' புயல் நகர்ந்துகொண்டிருக்க, இந்தியப் பெருநிலத்தின் மாசுக் காற்று தீவுக்குள் இறங்கிவிட்டது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விளக்கம் தந்தது. யாழ்ப்பாணத்து அளவுகளும் மோசமாகவே இருந்தன. கரவெட்டியில் விக்னேஸ்வராக் கல்லூரிப் பிள்ளைகளும் அன்று வீட்டோடு இருந்தார்கள். வடமராட்சியில் பெரிய ஆலைப் புகைபோக்கி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் மூச்சுக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை மூட வேண்டி வந்தது.

அந்தக் காற்றில் என்னென்ன கலந்திருந்தன என்று துகள் துகளாகப் பிரித்துக் காட்ட முடியாது. வட இந்தியச் சமவெளியின் மாரிக்காலக் காற்றில் வைக்கோல் எரித்த புகை இருக்கும், நிலக்கரி மின்னிலையத்துப் புகை இருக்கும், வாகனப் புகை, செங்கற்சூளைப் புகை, உருக்காலைப் புகை எல்லாம் இருக்கும். இவற்றுள் ஒன்றை மட்டும் இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்கொள்கிறேன். உருக்கு. அதை நாங்கள் பார்த்த இடமெல்லாம் பாவிக்கிறோம். அது உண்டாகும் இடத்தை மட்டும் பார்த்ததில்லை.

நெல்லியடிச் சந்தியிலிருந்து கரவெட்டிக்குள் இறங்கும் எந்த ஒழுங்கையிலும் பாருங்கள். போருக்குப் பிறகு எழும்பிய வீடுகள். காசு வரும்போது கட்டலாம் என்று விட்ட மேல்மாடிகளில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. உப்புக்காற்றில் துரு ஏறிய அந்தக் கம்பிகளின் இரும்புக்குப் பிறப்பிடம் இலங்கை அல்ல. சோவியத் உதவியோடு ஒறுவலையில் அமைந்த இலங்கை உருக்குக் கூட்டுத்தாபனம் 1967 முதல் கம்பி உருட்டியது உண்மைதான். ஆனால் தாதிலிருந்து இரும்பு எடுக்கும் ஊதுலை நவீன இலங்கையில் ஒன்றும் இல்லை. (பழைய இலங்கையில் இருந்தது. சமனலவெவ மலைச்சரிவுகளில் பருவக்காற்றையே துருத்தியாக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் இரும்பு எடுத்திருக்கிறார்கள். கில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் 1996இல் 'நேச்சர்' இதழில் அதை நிறுவிக் காட்டினார்.) இன்று எங்கள் வீட்டுக் கம்பியின் புகையை வேறு யாரோ சுவாசித்து முடித்த பிறகே கம்பி எங்களிடம் வருகிறது.

அந்த வேறு யாரோ யார், அந்தப் புகை என்ன, அதைப் பிடிக்க வழி உண்டா, பிடித்தால் என்ன ஆகும் என்பவைதான் கேள்விகள். வழி உண்டு. 60 ஆண்டுகளுக்கு மேலாக உண்டு. ஆனால் பிடிபட்ட புகை சாதுவாகிவிடுவதில்லை. ஊரின் தலைக்கு மேலே இருந்த ஆபத்து குழாய்க்குள் இறங்கி, அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் வேலை செய்கிறவரின் தலைமாட்டுக்கு வந்துவிடுகிறது. உருக்காலைகளைப் பற்றிய அறிக்கைகள் முதற்பாதியைப் பெருமையாகச் சொல்லும். இரண்டாம் பாதியையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுதாகும்.

பதினைந்து நிமிடப் புயல்

ஊதுலையிலிருந்து வரும் உருகிய இரும்பில் நூற்றுக்கு நான்கு பங்களவு கரி கலந்திருக்கும். அந்த நிலையில் அது வளையாது, உடையும். கரியை எரித்து வெளியேற்றினால்தான் உருக்கு. 1952 நவம்பரில் ஒஸ்திரியாவின் லின்ஸ் நகரில் இதற்கு ஒரு புதுவழி தொழில்முறையில் தொடங்கியது. பெரிய குடம் போன்ற கொன்வேட்டருக்குள் கொஞ்சம் பழைய இரும்பைப் போட்டு, உருகிய இரும்பை ஊற்றி, மேலிருந்து நீர்க்குளிர்ச்சி ஏற்றிய குழாயை இறக்கி, தூய ஒட்சிசனை ஒலியைவிட வேகமாகப் பாய்ச்சினார்கள். முன்பு மணிக்கணக்கில் நடந்த வேலை 15, 20 நிமிடத்தில் முடிந்தது. லின்ஸ், டொனாவிட்ஸ் என்ற இரண்டு ஊர்களின் முதலெழுத்தைச் சேர்த்து 'எல்.டி' முறை என்றார்கள். இந்தியாவில் அதை முதலில் எடுத்துக்கொண்டது ஒடிசாவின் ரூர்கேலா. இன்று உலக உருக்கில் பெரும்பகுதி இந்த வழியில்தான் வருகிறது.

இந்த வேகத்துக்கு விலை இருந்தது. ஒட்சிசன் பாயும் இடத்தில் இரும்பே ஆவியாகி, வெளியே வந்ததும் ஒட்சைட்டுத் தூளாகிறது. பெரும்பகுதி ஒரு மைக்கிரோனுக்கும் கீழான நுண்தூள், செம்பழுப்பு நிறம். ஒரு தொன் உருக்குக்குப் பத்து முதல் இருபது கிலோ வரை இப்படித் தூளாகக் கிளம்பும். ஒரே தடவையில் 150 தொன் காய்ச்சும் கொன்வேட்டரை நினைத்துப் பாருங்கள். கால் மணித்தியாலத்தில் இரண்டு தொன் இரும்புத் தூள் வானத்துக்கு! பழுப்பு மேகத்தைக் கண்டே ஊரார் உலையில் ஊதல் தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள்.

தூளோடு வாயுவும் வருகிறது. கணக்கைக் கையாலேயே போடலாம். ஒரு தொன் இரும்பில் 40 கிலோ கரி. அது முழுவதும் ஒட்சிசனோடு சேர்ந்து காபனோரொட்சைட்டு ஆனால் ஏறத்தாழ 75 கன மீற்றர் வாயு. நிறமில்லை, மணமில்லை, எரியும், கொல்லும். தொடக்கத்தில் இந்த வாயுவைக் கொன்வேட்டரின் வாயிலேயே காற்றோடு கலந்து எரித்துவிட்டார்கள். எரித்தால் நஞ்சு போய்விடும். ஆனால் கொன்வேட்டரின் வாய்க்கும் மேலே உள்ள கூண்டுக்கும் நடுவே வேண்டுமென்றே இடைவெளி விட்டுக் காற்றை இழுப்பதால், வாயுவின் பருமன் பல மடங்கு பெருகும். அத்தனையையும் குளிர்த்தி, தூள் நீக்கி, விசிறி வைத்து வெளியே தள்ள வேண்டும். செலவு அதிகம் என்பதால் பல ஆலைகள் அரைகுறையாகச் சுத்தம் செய்து வானத்தில் விட்டன.

தொபாத்தாவின் துணிக்கொடிகள்

இந்த இடத்தில் கதை யப்பானுக்குப் போகிறது. அங்கே கொஞ்ச நேரம் நிற்க விரும்புகிறேன்.

கியூஷு தீவின் வடமுனையில் 1901இல் எழும்பியது யாவாத்தா உருக்காலை. அதைச் சுற்றி இருந்த ஐந்து நகரங்கள் 1963இல் இணைந்து கித்தாகியூஷு மாநகரமாயின. அந்த ஐந்தில் ஒன்று தொபாத்தா. அங்கத்தைய வானத்தை 'ஏழு நிறப் புகை' என்று பெருமையாகவே சொன்ன காலம் ஒன்று இருந்தது. புகை வந்தால் சம்பளம் வருகிறது என்று பொருள். டொக்காய் குடாவில் மீன் செத்து, அது சாவுக்கடல் என்று பெயரெடுத்தது.

முதலில் வாய் திறந்தவர்கள் தொபாத்தாவின் பெண்கள். காயப்போட்ட துணி கறுத்து வந்தது, பிள்ளைகள் இருமினார்கள். கணவன்மார் அதே ஆலைகளில் சம்பளம் வாங்குகிறவர்கள். ஆகவே கோஷம் போட்டுப் பயனில்லை, ஆதாரம் வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்தது. தெருவுக்குத் தெரு துணியைத் தொங்கவிட்டு எவ்வளவு அழுக்கேறுகிறது என்று ஒப்பிட்டார்கள். விழும் தூளைச் சேர்த்து அளந்தார்கள். பள்ளிக்கூட இடாப்புகளைப் பார்த்து, புகை கூடிய பகுதிகளில் எத்தனை பிள்ளைகள் வரவில்லை என்று கணக்கெடுத்தார்கள். பல்கலைக்கழக ஆசிரியர்களை அழைத்து வந்து பாடம் கேட்டார்கள். 1965இல் தாங்களே ஒரு படம் எடுத்தார்கள். 'எங்களுக்கு நீலவானம் வேண்டும்' என்பது அதன் பெயர்ப் பொருள். நகர சபையும் ஆலைகளும் மேசைக்கு வந்தன. மாசுக் கட்டுப்பாட்டு உடன்படிக்கைகள் ஒவ்வொன்றாக எழுதப்பட்டன. எண்பதுகளில் அந்த வானம் தெளிந்துவிட்டது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்பது எங்கள் பழமொழி. தொபாத்தாவில் உலைவாய் மூடியதும் ஊர்வாய் திறந்ததும் சேர்ந்தே நடந்தன. 1962இல், அதே தொபாத்தாவில் உள்ள யாவாத்தாவின் உருக்குக்களத்தில்தான், கொன்வேட்டரின் வாயை எரிய விடாமல் மூடி வாயுவை அப்படியே எடுக்கும் முறை முதலில் பெரிய அளவில் இயங்கியது. 'ஓ.ஜி' முறை என்று பெயர். ஆலைக்காரர்கள் அதை ஊராருக்குப் பயந்து மட்டும் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். யப்பானில் எண்ணெய் இல்லை, வாயு இல்லை, நல்ல நிலக்கரியும் போதாது. எரித்துத் தொலைக்கும் வாயுவுக்கு அங்கே விலை இருந்தது. கணக்குப் புத்தகமும் துணிக்கொடியும் ஒரே பக்கமாக இழுத்தபோது வேலை விரைவாக நடந்தது.

வாயுவைப் பிடிக்கும் விதம்

ஓ.ஜி முறையின் சாரம் எளிது: காற்றை உள்ளே விடாதே. கொன்வேட்டரின் வாய்க்கு மேலே ஏறி இறங்கக்கூடிய ஒரு வளையம். உலைக்களத்தில் அதை 'ஸ்கர்ட்' என்பார்கள். ஊதல் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அது இறங்கி வாயை நெருங்கும். உள்ளே அமுக்கம் வெளியமுக்கத்தோடு கிட்டத்தட்டச் சமமாக இருக்கும்படி, வழியில் உள்ள வால்வு கணத்துக்குக் கணம் திறந்து மூடும். அமுக்கம் கூடினால் வாயு களத்துக்குள் தப்பும். குறைந்தால் காற்று உள்ளே ஏறும். இரண்டும் கூடாது.

1,600 பாகை செல்சியஸ் அளவில் கிளம்பும் வாயு முதலில் நீர்க்குழாய்களால் சுவர் வைத்த நெடும் புகைவழியில் ஏறுகிறது. அங்கே தன் சூட்டைக் கொடுத்து நீராவி உண்டாக்குகிறது. பிறகு ஒடுங்கிய தொண்டை வழியே நீர்த்தூறலோடு பாயும்போது, நுண்தூள் நீர்த்துளியில் ஒட்டிக்கொண்டு சேறாக வடிகிறது. அந்தச் சேற்றிலும் பெரும்பகுதி இரும்புதான். திரும்ப உலைக்குப் போகலாம். எண்பதுகளில் ஜெர்மனியில் வந்த உலர்முறையில் சேறே இல்லை. அங்கே மின்வீழ்படிவாக்கி தூளை உலர்ந்தபடியே பிடிக்கிறது. தண்ணீர் மிச்சம், வாயுவும் இன்னும் சுத்தம். ஆனால் மின்வீழ்படிவாக்கிக்குள் பொறி பறப்பது இயல்பு. எரியக்கூடிய வாயுவுக்கு நடுவே பொறி. அதனால் அந்த உருளையின் இரு முனையிலும் வெடியமுக்கத்தை வெளியே விடும் கதவுகள் வைத்துத்தான் கட்டுகிறார்கள். வெடி வரலாம் என்று ஒப்புக்கொண்டு கட்டிய இயந்திரம் அது.

சுத்தமான வாயு வந்ததும் உடனே சேமிப்புக்குப் போகாது. மூன்று வழி வால்வு ஒன்று காவல் நிற்கும். ஒரு பக்கம் உயரக் கம்பத்தின் உச்சியில் எரியும் சுவாலை, மறுபக்கம் வாயுத்தாங்கி. ஊதலின் முதல் சில நிமிடமும் கடைசிச் சில நிமிடமும் வாயு தரமற்றது, காற்றும் கலந்திருக்கும். அது சுவாலைக்கு. நடுவில் காபனோரொட்சைட்டு ஏறி, ஒட்சிசன் இரண்டு வீதத்துக்கும் கீழே இருப்பதாகப் பகுப்பாய்வுக் கருவி சொன்னால்தான் வால்வு திரும்பும். காற்றில் 12.5 வீதம் முதல் 74 வீதம் வரை காபனோரொட்சைட்டு கலந்திருந்தால் ஒரு பொறி போதும். இவ்வளவு அகலமான வெடி எல்லை சமையல் வாயுவுக்குக்கூட இல்லை. ஆகவே ஊதலின் தொடக்கத்தில் வளையத்தை உயர்த்தி வைத்து, வேண்டுமென்றே முழுதாக எரித்து, காபனீரொட்சைட்டும் நைதரசனும் கலந்த எரியாத வாயுவால் குழாயில் நின்ற காற்றை முன்னே தள்ளுகிறார்கள். காற்றும் எரிவாயுவும் நேருக்கு நேர் சந்திக்காதபடி நடுவே ஒரு தடுப்பு. முடிவிலும் அப்படியே. இந்த ஒழுங்கை ஒவ்வொரு ஊதலிலும், நாளுக்கு முப்பது நாற்பது தடவை, ஒரு தடவையும் பிசகாமல் செய்ய வேண்டும்.

பலன் சிறிதல்ல. நன்றாக நடக்கும் ஆலையில் ஒரு தொன் உருக்குக்கு 70 முதல் 100 கன மீற்றர் வாயு தாங்கியில் சேரும். அதை மின்சாரமாக்கினால் தொன்னுக்கு 50, 60 அலகு கிடைக்கும் என்று என் கணக்கு. எங்கள் பக்கத்தில் குளிர்ப்பதனமில்லாத ஒரு சிறிய வீடு ஒரு மாதத்தை அதில் ஓட்டிவிடும். ஊதுலை வாயுவும், நிலக்கரியைச் சுட்டுக் கற்கரியாக்கும் கற்கரி அடுப்பின் வாயுவும் இதைவிடப் பல மடங்கு பெரிய ஓட்டங்கள். மூன்றையும் சேர்த்துத்தான் பெரிய உருக்காலைகள் தங்கள் சூட்டுலைகளையும் மின்னிலையத்தையும் ஓட்டுகின்றன. வங்காள விரிகுடாவின் எங்கள் கரைக்கு வடக்கே, விசாகப்பட்டினம் உருக்காலை 1990களின் தொடக்கத்திலேயே வாயு மீட்போடு இயங்கத் தொடங்கியது. சிவந்த கற்கரியில் தண்ணீர் ஊற்றி அணைக்காமல் நைதரசனால் குளிர்த்தி, அந்தச் சூட்டையும் மின்சாரமாக்கும் ஏற்பாட்டை இந்தியாவில் முதலில் வைத்ததும் அங்கேதான். தமிழ்நாட்டில் மேட்டூருக்குக் கிட்ட, மேச்சேரிப் பொட்டனேரியிலும் ஊதுலையோடு கூடிய உருக்காலை உண்டு.

குழாய்க்குள் குடியேறிய ஆபத்து

மூடிய அறைக்குள் ஜெனரேற்றரை ஓட விட்டுத் தூங்கியவர்கள் எழும்பாத செய்தியை நாங்கள் வாசித்திருக்கிறோம். அதே வாயுதான் இது. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு, ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். எட்டு மணித்தியால வேலைக்கு அமெரிக்கா வகுத்த எல்லை பத்து இலட்சத்தில் 50 பங்கு. உடனடி உயிராபத்து என்று குறிப்பது 1,200 பங்கு. தாங்கியில் நிற்கும் வாயுவிலோ பத்து இலட்சத்தில் ஐந்து ஆறு இலட்சம் பங்கு அதுவேதான். ஒரு மூட்டுக் கசிந்தால் மூக்குக்குத் தெரியாது. தலை சுற்றும்போது கால் ஏற்கெனவே சோர்ந்திருக்கும்.

2014 யூன் 12, சத்தீஸ்கர் மாநிலம் பிலாய் உருக்காலை. நீர் இறைக்கும் நிலையம் ஒன்றில் கோளாறு. ஊதுலை வாயுவைக் கழுவும் கோபுரத்துக்குப் போகும் தண்ணீரின் அமுக்கம் விழுந்தது. தண்ணீர் நிறைந்து நிற்க வேண்டிய குழாயில் தண்ணீர் இல்லாமற் போக, வாயு அதே குழாய் வழியே பின்னோக்கி வந்து இறைப்பு நிலையத்துக்குள் நிரம்பியது. ஆறு பேர் இறந்தார்கள். அவர்களுள் இருவர் துணைப் பொது முகாமையாளர்கள். இந்த விபத்தை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. இறந்தவர்கள் நின்ற இடம் உலையடி அல்ல, வாயுக்குழாயடியும் அல்ல. தண்ணீர் மோட்டருக்குப் பக்கம். வாயுவை அடைத்து வைத்திருந்த பூட்டே தண்ணீர்தான் என்பதை அந்தக் கட்டடத்தின் அமைப்பு யாருக்கும் நினைவூட்டவில்லை.

2018 ஒக்ரோபர் 9, அதே பிலாய். கற்கரி அடுப்பு வாயுக் குழாயில், திட்டமிட்ட பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது தீ வெடித்தது. பத்துக்கும் மேற்பட்டோர் கருகி இறந்தார்கள். கற்கரி வாயுவில் பாதிக்கு மேல் ஐதரசன். கொஞ்ச இடைவெளி கிடைத்தாலும் பற்றிக்கொள்ளும். 2013 நவம்பரில் ஜாம்ஷெட்பூர் உருக்காலையின் எல்.டி வாயுத்தாங்கியில் வெடிப்பு, பலர் காயமடைந்தார்கள். 2021 யனவரி 6, ரூர்கேலாவில் நச்சு வாயு கசிந்து நால்வர் இறந்தார்கள். நால்வரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர் என்ற அந்தச் சொல்லை எளிதில் கடந்துபோக முடியவில்லை. உலையை இயக்குகிறவர் ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்றவர், கண்ணாடி அறைக்குள் இருக்கிறார். குழாயைக் கழற்றவும் பெயின்ற் அடிக்கவும் சேறு அள்ளவும் வருகிறவர் இன்றைக்கு இந்த ஆலை, அடுத்த மாதம் வேறு ஆலை. எந்த வால்வுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று அவருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். செய்ய வேண்டியவை எல்லாம் தெரிந்த விடயங்களே. தண்ணீர்ப் பூட்டை மட்டும் நம்பாமல் இரும்புத் தகடு இறக்கிக் குழாயை அடைத்த பிறகுதான் வேலை. நைதரசன் செலுத்தி வாயுவை விரட்டி, அளந்து பார்த்து, எழுத்தில் அனுமதி. ஒவ்வொருவரின் சட்டையிலும் சத்தமிடும் வாயுமானி. தனியாள் போகக் கூடாது. ஒருவர் விழுந்தால் சுவாசக் கருவி இல்லாமல் இன்னொருவர் பாயக் கூடாது. கடைசி விதிதான் மனித மனத்துக்கு மிகக் கடினம். விழுந்தவரைத் தூக்க ஓடியவரும் விழுவதுதான் உலகெங்கும் இந்த விபத்துகளின் வடிவம். ஒரு வாயுமானியின் விலை, பெரிய ஆலை ஒன்று ஒரு மணித்தியாலத்தில் மீட்கும் வாயுவின் விலைக்குக் கிட்டவும் வராது. அப்படியிருந்தும் அது எல்லோருடைய சட்டையிலும் இல்லாமற் போவது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

விலையில்லாத புகை

இன்னொரு கவலை. காபனோரொட்சைட்டுக்கு விலை உண்டு, ஆகவே அதைப் பிடிக்க முதலாளிக்குத் தனி ஆசை உண்டு. உருக்காலையின் எல்லாப் புகைக்கும் அப்படி விலை கிடையாது. கொன்வேட்டரைச் சரித்து உருகிய இரும்பை ஊற்றும்போது வளையம் மேலே தூக்கப்பட்டிருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் எழும் புகை கூரை இடுக்கால் வெளியே போகிறது. கற்கரி அடுப்பின் கதவு சரியாக மூடாவிட்டால் பென்சீனும், புற்றுநோய் தரும் பென்சோபைரீனும் கசிகின்றன. தாதுக் குவியல்களிலிருந்து காற்று தூளை அள்ளுகிறது. இவற்றைப் பிடிக்கப் பெரிய கூண்டு, பெரிய விசிறி, ஆயிரக்கணக்கான வடிகட்டிப் பைகள் வேண்டும். மின்சாரச் செலவு வேறு. வரவு ஒன்றுமில்லை. இந்தியாவில் 2003இல் அரசும் தொழில்துறையும் ஒத்துக்கொண்ட பொறுப்புச் சாசனம், உருக்குக்களங்களின் இந்த இரண்டாம் புகையைப் பிடிக்க ஐந்து ஆண்டு தவணை கொடுத்தது. முதற் புகையைப் பிடிக்கும் வழி வந்து நாற்பது ஆண்டு கழித்து!

இந்த விலையில்லாத புகை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கிடைத்த ஆதாரம் போல வேறெங்கும் கிடைப்பது அரிது. யூட்டா பள்ளத்தாக்கின் ஜெனீவா உருக்காலை, 1986 ஓகஸ்ட் முதல் 13 மாதம் தொழிற்பிணக்கால் மூடிக் கிடந்தது. பிறகு திறந்தது. ஆர்டன் போப் என்ற பொருளியல் பேராசிரியர் வைத்தியசாலைப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். மூடிய மாரியோடு ஒப்பிட்டால், ஆலை ஓடிய மாரிகளில் நெஞ்சுச்சளி, ஆஸ்துமா என்று அனுமதிக்கப்பட்ட பிள்ளைகள் இரண்டு மூன்று மடங்கு. அதே ஊர், அதே குளிர், அதே பிள்ளைகள். உலை மட்டும் வேறு. 1989இல் வந்த அந்த ஆய்வு, நுண்தூளைப் பற்றிய உலகச் சட்டங்களுக்கு அடிக்கற்களில் ஒன்றாயிற்று. இத்தாலியின் தரந்தோவில் உருக்காலைப் பக்கமிருந்து காற்றடிக்கும் நாட்களில் தம்புரிக் குடியிருப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்த காலம் உண்டு. 2019 யனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அந்த மக்களைக் காக்க இத்தாலி தவறிவிட்டது என்று தீர்த்தது.

பிடித்த வாயுவை எரித்தாலும் முடிவில் காபனீரொட்சைட்டுத்தான் என்பதையும் மறைக்கக் கூடாது. வேறு எரிபொருள் அந்த அளவுக்கு மிச்சமாகிறது, அவ்வளவே. 2018 முதல் சீனாவில் ஓர் ஆலை இந்த வாயுவை நுண்ணுயிர்களுக்குத் தீனியாகப் போட்டு எதனோல் எடுக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 190 கோடித் தொன் உருக்குக் காய்ச்சுகிறது.

எங்கள் பக்கத்துக் கேள்விகள்

கரவெட்டிக்கு ஊதுலை வரப்போவதில்லை. ஆனால் பழைய இரும்பை உருக்கும் சிறு ஆலை வடக்கில் எங்கும் வரலாம். காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் என்று தொழில் வலயங்கள் பற்றி அரசு பேசி வருகிறது. வேலை வேண்டும், வடமராட்சி இளைஞர்கள் கட்டாருக்கும் கனடாவுக்கும் போகாமல் இருக்க ஆலைகள் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்குவது ஊதுலை வழியைவிட மிகக் குறைந்த புகையுள்ளது என்பதும் உண்மை.

ஆனால் குறைந்த புகை என்றால் நஞ்சற்ற புகை என்று எடுக்கக் கூடாது. நாகம் பூசிய கூரைத்தகரமும் பெயின்ற் அடித்த கேற்றும் உருகும்போது நாகமும் ஈயமும் ஆவியாகின்றன. தொன்னுக்குப் பத்துப் பதினைந்து கிலோ தூள் மின்னுலையிலும் வரும். பல நாடுகளின் சட்டத்தில் அது ஆபத்தான கழிவு. அதோடு எங்கள் மண்ணுக்கே உரிய ஒரு ஆபத்து: இங்கே பொறுக்கும் பழைய இரும்பில் எறிகணை இருக்கலாம். இரும்புக்காக அவற்றை உடைக்கப் போய்க் கை கால் இழந்தவர்களும் உயிர் இழந்தவர்களும் எங்கள் மாகாணத்தில் இருக்கிறார்கள். மூடிய சிலிண்டரோ குண்டோ உருகிய இரும்புக்குள் விழுந்தால் உலையே சிதறும்.

பட்ட அனுபவமும் இருக்கிறது. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதன் வெண்தூள் சுற்றுவட்டத்துக் கூரைகளிலும் இலைகளிலும் படிந்ததைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்று அதை யாரும் பெரிதாக எதிர்த்துக் கேட்கவில்லை. சுண்ணாகத்தில் நிலைமை வேறு. மின்னிலையத்து எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து கிணறுகள் கெட்டபோது ஊர் எழும்பியது, வழக்குப் போனது. 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவைத் தாங்க வேண்டும் என்ற நெறியை வைத்து, அந்த மின் நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கிணறு கெட்ட பிறகு கிடைத்த காசு அது.

கெடுவதற்கு முன்பே கேட்க இடம் இருக்கிறது. தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, பெரிய திட்டங்களுக்கான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு 30 நாட்கள் திறந்து வைக்கப்பட வேண்டும். யாரும் வாசிக்கலாம், எழுத்தில் கேட்கலாம். உருக்கும் ஆலை ஒன்றின் அறிக்கை வந்தால் நான் முதலில் புரட்டுவது புகைபோக்கியின் உயரம் உள்ள பக்கத்தை அல்ல. உலையைத் திறந்து பழைய இரும்பு போடும் நிமிடத்தில் எழும் புகைக்குக் கூண்டு உண்டா? வடிகட்டிப் பை கிழிந்தால் உலை தானாக நிற்குமா, அல்லது இரவில் ஓடிக்கொண்டே இருக்குமா? பிடித்த தூளை எங்கே கொட்டுவார்கள்? எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் மேலே கொட்டியது கிணற்றுக்கு வந்து சேர அதிக காலம் எடுக்காது. வரும் இரும்பை எறிகணைக்கும் கதிர்வீச்சுக்கும் சோதிப்பவர் யார்? நாட்கூலிக்குச் சுத்தம் செய்ய வருபவரின் சட்டையில் வாயுமானி இருக்குமா? இந்தியா 2014இல் உருக்கு உட்பட 17 வகைத் தொழில்களுக்குப் புகைபோக்கி அளவுகளை இணையவழி இடைவிடாது அனுப்பும்படி உத்தரவிட்டது. இங்கே அந்த அளவுகள் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் கோப்போடு நின்றுவிடாமல், பிரதேச செயலகத்தின் வாசற்பலகையில் தமிழில், நாள்தோறும் வரச் செய்யலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. அனுமதிப்பத்திரத்தில் ஒரு நிபந்தனையாக எழுதினால் போதும். அந்த நிபந்தனையை எழுதக் கேட்பதற்கான காலம் அந்த 30 நாட்கள்.